பூட்டி வைத்த பிளாப்பி

அத்தியாயம் 11

கண்ணுச்சாமி ஏலக்காய் மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய கதையையும், அதற்குக் கண்ணேறு கழிக்கப் பூசணிக்காய் உடைப்பதா வேண்டாமா என்று அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நின்ற கூத்தையும் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இவ்வளவு போதும். அன்னக்கொடி கண்ணுச்சாமிக்கு வாக்கப்பட்டு போடிக்கு வந்தபோது கொழுந்தன் காசிராஜனுக்கு ஏழு வயது. தாயில்லாப் பிள்ளை. மறுநாளே அவனைப் பிடித்து உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள். அன்றிலிருந்து அவன் அவள் பிள்ளை. தனக்கென்று ஒன்று பிறக்குமென்று சில வருஷம் காத்திருந்தாள், பிறக்கவில்லை. அப்புறம் காத்திருப்பதையும் விட்டுவிட்டாள். இவன்தான் இருக்கிறானே!

அந்தக் காசிராஜன் மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து, முதலாளியோடு முட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். ஏலத்தில் எந்தத் தோட்டக்காரர் காய், என்ன ரகம், எத்தனை எடை, யார் எடுத்தார், என்ன விலை என்று அத்தனையையும் கணக்குப் பார்த்து பில் அடித்துத் தரும் புரோகிராம் ஒன்றைக் கிட்டங்கி மாடியில் உட்கார்ந்து எழுதினான். விஜயதசமி அன்று வியாபாரிகளுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் ஏலம் நடக்கும் மண்டபத்தில் கம்ப்யூட்டர் வைத்து அவனையே பொறுப்பில் போடுவார்கள். பிடிக்காவிட்டால் மெட்ராஸ்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கிளம்பிவிடுவான். கிளம்பினால் திரும்ப மாட்டான். அது அன்னக்கொடிக்கு நன்றாகத் தெரியும்.

இன்றைக்கு விஜயதசமி.

"மதினி, இந்த மிஷினுக்குள்ள ஒண்ணுமே கிடையாது. வெறும் தகர டப்பா. பிளாப்பியைப் போட்டு உசுப்பி விட்டாத்தான் தான் ஒரு கம்ப்யூட்டர்ங்கிறதே அதுக்குத் தெரியும். அந்த உசுப்புற புரோகிராமுக்குப் பேருதான் ஆப்பரேட்டிங் சிஸ்டம்."

"நேத்தும் இதைத்தான் சொன்ன. மொதல்ல இட்லியைப் பிட்டு வாயில வையி."

காசிராஜன் வைத்தான். வாய் நிறைய இட்லி இருந்தாலும் பேச்சு நிற்குமா? நிற்காது.

"அதை எழுதுன கம்பெனிக்காரன் பூட்டி விக்கிறான் மதினி. உள்ள என்னதான் எழுதியிருக்குன்னு நாம பாக்கக் கூடாதாம். தப்பு இருந்தா திருத்தக் கூடாதாம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு நகல் குடுத்தா போலீசாம். காசு குடுத்து வாங்குன வீட்டுல ஒரு அறையை மட்டும் தெறக்காதேன்னு சொன்னா ஒத்துக்குவமா?"

"ஒத்துக்க மாட்டோம். சட்னி போடட்டா?"

"அமெரிக்காவுல சில பேரு இதுக்குன்னே கிளம்பியிருக்காங்களாம். பத்திரிகையில போட்டிருந்துச்சு. எல்லாத்தையும் முதல்லருந்து புதுசா எழுதி, இந்தா எடுத்துக்க, உள்ள பாத்துக்க, ஒனக்கு வேணுங்கிற மாதிரி மாத்திக்கன்னு ஊருக்கே குடுக்கப் போறாங்களாம்."

"சும்மாவா?"

"சும்மாதான். ஒரு கிலோ ஏலக்காயை நான் உங்களுக்குக் குடுத்தா எங்கிட்ட ஒரு கிலோ குறையும். இதைக் குடுத்தா எங்கிட்டயும் இருக்கும், உங்ககிட்டயும் இருக்கும். குறையாத பொருளுக்கு எதுக்கு மதினி பூட்டு?"

"குறையாதுன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே கண்ணுச்சாமி உள்ளே வந்தார். குளித்து, திருநீறு பூசி, புது வேட்டி கட்டியிருந்தார். முகத்தில் சந்தோஷம்தான். குரலில் மட்டும் வழக்கமான முறுக்கு.

"அண்ணே, மலையில ஒருத்தன் தோட்டத்துல நல்லாக் காய்க்கிற செடி வந்துச்சுன்னா, பக்கத்துத் தோட்டக்காரன் கன்னு கேட்டு வந்தா இல்லைங்கிறானா? குடுத்துத்தானே விடுறான்? அப்படிக் குடுத்துக் குடுத்துத்தானே இந்த மலை பூரா ஏலக்காய் ஏறுச்சு?"

"கன்னு குடுப்பான். கன்னு குடுத்தவன் ஏலத்துல எம்புட்டுக்குக் கேக்கப் போறேன்னு சொல்லிருவானா? நம்மளப் பெத்த அப்பு துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு வெல பேசி மாடு வித்தவரு. பக்கத்துல நின்ன எனக்கே வெல தெரியாது. அதுக்குப் பேருதான்டா யாவாரம்."

அன்னக்கொடிக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளுக்கு எப்போதும் வரும் தொல்லை.

போன மாதம் இதே பேச்சு முற்றித்தான் கண்ணுச்சாமி தம்பியைக் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கினார். புரோகிராமுக்கு ஒரே ஒரு பிளாப்பிதான். இரண்டாவது நகல் எடுக்கக் கூடாது. ஒருத்தருக்கும் கொடுக்கக் கூடாது. அச்சடித்து வைத்திருந்த தாளையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போடச் சொன்னார். ஊருக்கே கொடு என்று வாய் ஓயாமல் பேசுகிறவன், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சூடத்தை அடித்து அணைத்தான். தன்னை வளர்த்த மனிதர், கம்ப்யூட்டர் வாங்கத் தென்னந்தோப்பை விற்ற மனிதர், அவருக்காக இதுகூடவா செய்யக் கூடாது! அன்றிலிருந்து பிளாப்பி இரும்புப் பெட்டிக்குள். சாவி அன்னக்கொடி இடுப்பில்.

பத்து மணிக்கு வியாபாரிகள் வந்துவிட்டார்கள். பெரியவர் ஒச்சப்பன் முன்னால் நாற்காலியில். அவருக்குப் பக்கத்தில் ராக்கையா. ஏலத்தில் கண்ணுச்சாமிக்கு நேர் எதிரே உட்கார்ந்து விலையை ஏற்றிவிடுவதையே சோலியாக வைத்திருக்கும் ராக்கையாதான். இன்னும் ஏழெட்டுப் பேர் கிட்டங்கியில் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் மேஜை மேல் இருந்த அந்தப் பெட்டியில்.

"மதினி, பிளாப்பியைக் கொண்டாங்க!"

அன்னக்கொடி இரும்புப் பெட்டியைத் திறந்து, காகித உறையோடு எடுத்து வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனசுக்குள் கருப்பசாமியை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் உசுப்பும் பிளாப்பி போட்டான். திரையில் பச்சை எழுத்து வந்தது. "ஆத்தாடி" என்றார் ஒச்சப்பன். அடுத்து, உறையிலிருந்து அந்த பிளாப்பியை உருவி, ஒச்சப்பனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, பார்க்காமல் பெட்டியின் இரண்டாவது வாயில் செருகினான்.

கர்ர்ர்... கர்ர்ர்... கடக்.

திரையில் இங்கிலீஷில் ஒரு வரி, படிக்க முடியவில்லை என்று. காசிராஜன் மறுபடி ஒரு பொத்தானை அழுத்தினான். மறுபடி அதே இரைச்சல், அதே வரி. மூன்றாவது முறை தட்டியும் அதே வரிதான்.

"என்னப்பா, வண்டி ஏத்தத்துல நின்னு போச்சா?" என்றார் ராக்கையா. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

காசிராஜன் பிளாப்பியை வெளியே எடுத்தான். சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். பிறகு தலையைத் தூக்கி உள்வாசலைப் பார்த்தான். ஒரு நொடிதான். அன்னக்கொடியின் முகத்தை, பிறகு அவள் கையை. அப்புறம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அன்னக்கொடி தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

நேற்று ஆயுத பூஜை. தராசு, படிக்கல், சாக்குத் தைக்கும் ஊசி, ஜீப்பு, கம்ப்யூட்டர் என்று ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள்தான். கொழுந்தன் இராப்பகலாய் உழைத்தது அந்தத் தகரப் பெட்டிக்குள் இல்லை, இந்தக் கறுப்புத் தட்டுக்குள் இருக்கிறது என்று அவனே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறானே! அதை இருட்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பூஜை செய்தால் அடுக்குமா? எடுத்தாள். சாமிக்கு வைக்கிற பொருளை உறையோடு வைக்கக் கூடாதென்று உறையை உருவினாள். கறுப்பு அட்டையின் நடுவில் நீள்வட்டமாக ஒரு சின்ன சன்னல். அதற்குள் மட்டும் பளபளவென்று தெரிந்தது. பொருளின் முகம் அதுதான் என்று எண்ணி, மூன்று விரலால் சந்தனத்தைக் குழைத்து அங்கே வைத்தாள். மேலே குங்குமம். கற்பூரம் காட்டிக் கும்பிட்டாள். இன்று காலையில் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, பத்திரமாக உறைக்குள் போட்டுத் திரும்பவும் பூட்டினாள்.

அந்த முகத்தைத்தான் மெஷின் படிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

"என்னடா ஆச்சு?" என்று எழுந்து வந்தார் கண்ணுச்சாமி.

"அழிஞ்சு போச்சு அண்ணே. என் தப்புதான். நான்தான் சரியா வைக்கல."

"பெட்டிக்குள்ள இருந்த பொருளு எப்படிடா அழியும்?"

காசிராஜன் பிளாப்பியை உறைக்குள் போட்டான். கண்ணுச்சாமியின் பார்வை மெதுவாக ராக்கையா பக்கம் திரும்பியது. போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தம்பியும் ராக்கையாவும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததாக யாரோ காதில் ஓதியிருந்தார்கள். அப்போது அவர் நம்பவில்லை. இப்போது அந்த விஷம் ஏறிவிட்டது.

"ஊருக்கே குடுக்கணும், ஊருக்கே குடுக்கணும்னு சொன்னியேடா... குடுத்திட்டியா? வெளிய குடுத்துட்டு, இங்க இருக்கிறதை அழிச்சிட்டு, எம் மூஞ்சியில கரியைப் பூசுறியா?"

"அண்ணே!"

"பேசாத! வீட்டுக்குள்ளயே கன்னம் வச்ச கள்ளன் நீ!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்கள். இங்கே தாழியோடு வீடும் உடைந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

மாடியில் காசிராஜன் பைக்குள் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தான். அன்னக்கொடி படியேறி வந்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே தம்பி?"

"விடுங்க மதினி."

"சந்தனம்தானே? கழுவிப் பாக்கலாமா? வெந்நீர் வச்சு..."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அது மசி வச்சு எழுதுனது இல்ல மதினி, காந்தத்துல எழுதுனது. ஈரத்துணியால தேச்சதுல மேல் பூச்சே கீறிப்போச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"நீ ஒரு நகலாச்சும் எடுத்து வச்சிருப்பேல்ல? எங்கிட்டச் சொல்லுய்யா. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஒளிச்சு வச்சிருக்கேல்ல?"

எத்தனை ஆசையாகக் கேட்டாள்! அவன் சத்தியத்தை மீறியிருக்க வேண்டும் என்று அந்தக் கருப்பசாமியையே வேண்டிக்கொண்டு கேட்டாள்.

"இல்ல மதினி. அண்ணனுக்குச் சத்தியம் பண்ணுனேன்ல."

அன்னக்கொடி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். ஊருக்குக் கொடுக்காதே என்றார் ஒருத்தர். கொடுக்காமல் இருந்தான். நாலு பேரிடம் நாலு நகல் இருந்திருந்தால் ஒரு துளிச் சந்தனத்தில் இரண்டு வருஷ உழைப்பு போயிருக்குமா? அவன் சொன்னதுதான் சரி. சரியைச் சொன்னவனுக்குத்தான் கள்ளன் பட்டம்!

"நான் போயி உங்க அண்ணன்கிட்டச் சொல்றேன்."

"சொல்லக் கூடாது." காசிராஜன் பையை வைத்துவிட்டு அவள் முன்னால் குந்தினான். "ஒங்க கை பட்டுத்தான் போச்சுன்னு ஊரு பேசும். நம்ம சொந்தக்காரங்க வாயெல்லாம் ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமலா! பிள்ளை பெறாதவள் பூஜைக்குத் தொட்டுக் கொடுக்கலாமா என்று ஒரு ஆயுத பூஜையில் உறவுக்காரிகள் முணுமுணுத்தபோது, மதினி பொட்டு வைக்காவிட்டால் என் புத்தகத்தைச் சாமிக்கு வைக்க மாட்டேன் என்று பத்து வயசுக் காசிராஜன் தெருவில் உருண்டு புரண்டு அழுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவள் கைதான் வைத்தது.

"நான் திரும்ப எழுதிருவேன் மதினி. எல்லாம் தலைக்குள்ள இருக்கு. ஆனா இங்க உக்காந்து எழுத முடியாது. கள்ளன்னுட்டாருல்ல அண்ணே." அவள் மடியில் முகத்தைப் புதைத்துச் சின்னப் பிள்ளை போல அழுதான். அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். வேறென்ன செய்வாள் பாவம்.

கண்ணுச்சாமி மத்தியானம் சாப்பிட வரவில்லை. கிட்டங்கியில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் அன்னக்கொடி போனாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சந்தனம் வைத்தது, துடைத்தது, தம்பி தன்னைக் காப்பாற்றப் பழியைத் தூக்கிப் போட்டுக்கொண்டது எல்லாம்.

கண்ணுச்சாமி மூட்டையில் சாய்ந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"நெசமா நகல் எடுக்கலையா அவன்?"

"எடுக்கல. வாங்க, மேல போயி அவனைக் கூப்பிடுங்க. ஒரு வார்த்தை போதும்."

எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். நின்றுவிட்டார்.

"கூப்பிட்டா? அத்தனை பேரு முன்னால கள்ளன்னு சொல்லிட்டேன். இப்பப் போயி எம் பொண்டாட்டி சந்தனம் வச்சிட்டான்னு சொன்னா ராக்கையா ஏலத்துல ஒக்காந்து சிரிக்க மாட்டானா? கொஞ்ச நாளு போகட்டும். கோவம் தணிஞ்சா அவனே வருவான்."

"அவன் வர மாட்டான்."

"வருவான். நீ இதை வெளிய மூச்சு விடாத." துண்டை எடுத்துக்கொண்டு ஏல மண்டபத்துக்குப் போய்விட்டார். விஜயதசமிக்கு நல்ல நாள் ஏலம், போகாமல் இருக்க முடியாதாம்!

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அள்ள முடியாதுதான். குனிந்தாவது பார்க்க வேண்டாமா இந்த மனிதர்?

சாயங்காலம் காசிராஜன் பையோடு இறங்கி வந்தான். மதினியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "மதுரை போயி, அங்கருந்து மெட்ராஸ். போனதும் காகிதம் போடுறேன்" என்றான். தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கதவைக்கூடச் சாத்தாமல் பின்னாலேயே நடந்தாள்.

தெரு முடிகிற இடத்தில் வலது பக்கம் பஸ் ஸ்டாண்டு. இடது பக்கம் ஏல மண்டபம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுவான். அவள் கண்ணீரை அவன் தாங்க மாட்டான். வந்து, கள்ளன் என்ற பேரோடு அதே மாடியில் உட்காருவான். சோறு இறங்காது. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். அப்படி ஒரு வாழ்க்கைக்கா அவனை வளர்த்தாள்? அன்னக்கொடி இடது பக்கம் திரும்பினாள்.

ஏலம் நடக்கும்போது அந்த மண்டபத்துக்குள் எந்த வியாபாரியின் மனைவியும் நுழைந்ததில்லை. காய் பொறுக்கும் பெண்கள்கூடப் பின்வாசலோடு சரி. அவள் முன்வாசல் வழியாக ஏறி, நடுவில் போய் நின்றாள். விலை கூறிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். எதிர் வரிசையில் கண்ணுச்சாமி பதறி எழுந்தார்.

"அன்னக்கொடி! வீட்டுக்குப் போ!"

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஒச்சப்பனைப் பார்த்துப் பேசினாள்.

"என் கொழுந்தன் கள்ளன் இல்லை. அவன் யாருக்கும் எதையும் குடுக்கல. ஆயுத பூசைக்கு எடுத்து அதுல சந்தனம் வச்சது நான். அழிச்சது நான். எம் பேரைச் சொல்லாம அவன் பழியை ஏத்துக்கிட்டான். இதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

மண்டபத்தில் அத்தனை தலையும் ராக்கையா பக்கம் திரும்பியது. ராக்கையா சிரிக்கப் போகிறார் என்று கண்ணுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

ராக்கையா சிரிக்கவில்லை.

"கண்ணுச்சாமி, நானும் ஒண்ணு சொல்லிர்றேன்" என்றார். "போன வாரம் டீக்கடையில அந்தப் பயலை நான்தான் கூப்பிட்டு ஒக்கார வச்சேன். அந்தப் பிளாப்பிக்கு ஒரு நகல் குடுடா, நீ கேக்கிறதைத் தர்றேன், பங்குகூடப் போட்டுக்கன்னு கெஞ்சாத கொறையாக் கேட்டேன். குடுக்கிறதுதான் சரின்னு எம் மனசு சொல்லுது மாமா, ஆனா அண்ணனுக்குச் சத்தியம் பண்ணிட்டேன், எங்கண்ணனைவிட எனக்கு எது சரிங்கிறது பெருசு இல்லன்னான். எந்திரிச்சுப் போயிட்டான்."

கண்ணுச்சாமி எப்படி வாசலுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. வேட்டி தடுக்க, செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். போடி வியாபாரி ஒருத்தர் கடைத்தெருவில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. பின்னாலேயே அன்னக்கொடியும் ஓடினாள்.

மதுரை பஸ் நிற்கும் இடம் காலியாக இருந்தது. இப்பத்தான் எடுத்தான் என்றார் டீக்கடைக்காரர். பின்தொடர்ந்து போக ஜீப்பு இல்லை, லோடு ஏற்ற மலைக்குப் போயிருந்தது. கண்ணுச்சாமி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெட்ராஸ்ல எங்க தங்குவான்? எந்தக் கம்பெனி? பேரு சொன்னானா?" என்று கேட்டார்.

"பேரு தெரியாது, காகிதம் போடுறேன்னு மட்டும் சொன்னான்" என்றாள் அன்னக்கொடி. இத்தனை மாசமாக மெட்ராஸ்காரர்கள் கூப்பிடுகிறார்கள், கூப்பிடுகிறார்கள் என்று அவன் சொன்னபோதெல்லாம், அவன் போய்விடக் கூடாதே என்ற பயத்தில், யார் கூப்பிடுகிறார்கள் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை.